இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் கட்டாயக் கதைப்போக்கு

கட்டாயக் கதைப்போக்கு என்பது, இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் முதன்மைக் கதையின் பணிகளை வரிசையாக முடித்தால் மட்டுமே புதிய ஊர்கள், நிலவறைகள், வசதிகள் முதலியவை திறக்கும்படி அமைக்கப்படும் முறை ஆகும். பல்லாயிரம் பேர் ஒரே கற்பனை உலகில் சேர்ந்து விளையாடும் இவ்விளையாட்டுகள் ஆண்டுக்கணக்கில் வளர்பவை. விரிவாக்கம் ஒவ்வொன்றும் கதையை நீட்டுகிறது. எனவே, பிந்தி வந்து சேரும் புதியவர் மற்றவர்கள் இருக்கும் இடத்தை அடைய நெடுந்தொலைவு கடக்க வேண்டியுள்ளது. கதையைக் காப்பதா, புதியவருக்கு வழிவிடுவதா என்பது இவ்விளையாட்டுகளின் உருவாக்குநர்கள் தொடர்ந்து எதிர்கொள்ளும் சிக்கலாகும்.

சிக்கலின் தன்மை

இவ்விளையாட்டுகளுக்குப் பலர் வருவது நண்பர் ஒருவரின் அழைப்பினால்தான். ஆனால் அந்த நண்பர் கதையின் இறுதியில் இருப்பார். புதியவரோ தொடக்கத்தில் நிற்பார். இருவரும் சேர்ந்து விளையாட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதற்குள் புதியவர் சலித்து விலகிவிடக்கூடும். புதியவர்கள் வராத விளையாட்டில் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை குறையும். குழுவாக ஆடவேண்டிய பகுதிகளுக்கு ஆள் கிடைக்காது.

மறுபுறம், கட்டாயத்தை நீக்கினால் கதை பொருளிழக்கும். முந்தைய நிகழ்வுகளை அறியாதவருக்கு ஒரு பாத்திரத்தின் மரணமோ, நாடொன்றின் விடுதலையோ எந்த உணர்வையும் தராது. மேலும், கதைப் பணிகள் விளையாட்டின் பாடத்திட்டம் போன்றவை. எளிய சண்டையிலிருந்து கடினமான சண்டைக்கு அவை படிப்படியாக ஆட்டக்காரரைப் பழக்குகின்றன.

பைனல் பேண்டசி 14

கட்டாயக் கதைக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய பைனல் பேண்டசி 14 ஆகும். 2010-இல் வெளியான இதன் முதல் வடிவம் கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. நவோகி யோசிதா பொறுப்பேற்று அதை முற்றிலும் மாற்றியமைத்தார். எ ரெல்ம் ரீபார்ன் என்ற புதிய வடிவம் 2013 ஆகத்து மாதம் வெளிவந்தது. தொடர்ந்து 2015, 2017, 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஐந்து விரிவாக்கங்கள் வந்தன. ஒன்றின் கதையை முடிக்காமல் அடுத்ததன் கதைக்குள் நுழைய முடியாது.

கதை நீண்டபோது, கட்டாயத்தைக் கைவிடாமலேயே பாதையை எளிதாக்கப் பின்வரும் வழிகள் கையாளப்பட்டன.

கதையைச் சுருக்குதல்: 2020 ஆகத்து மாத இற்றைப்படுத்தலில் முதற்பகுதியின் பணிகள் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைக்கப்பட்டன. பொருள் கொண்டு கொடுப்பது போன்ற சிறு பணிகள் நீக்கப்பட்டன. கதையின் ஓட்டம் மாறவில்லை. அதே சமயத்தில் இலவசப் பதிப்பு, முதல் விரிவாக்கத்தையும் 60-ஆம் நிலையையும் உள்ளடக்கியதாக விரிவுபடுத்தப்பட்டது. 2023-இல் இது இரண்டாம் விரிவாக்கம் வரை, அதாவது 70-ஆம் நிலை வரை நீட்டப்பட்டது. இதனால் புதியவர் நாள் வரம்பின்றிக் கதையைத் தொடரலாம். எனினும் இலவசப் பதிப்பில் ஆடுவோர் ஆட்டக்காரர் சங்கங்களில் சேர இயலாது.

பழையவர்களைத் திரும்ப அழைத்தல்: நாள்தோறும் குலுக்கல் முறையில் ஏதேனும் ஒரு பழைய நிலவறைக்குச் செல்பவருக்குக் கூடுதல் வெகுமதி வழங்கப்படுகிறது. அங்கே அவரது வலிமை அந்த நிலவறைக்கு ஏற்பக் குறைக்கப்படும். இதனால் பத்தாண்டுகளுக்கு முந்தைய நிலவறையிலும் புதியவருக்குத் துணை கிடைக்கிறது. புதியவரின் பெயருக்கு அருகில் முளைவிட்ட செடியின் குறி தோன்றுவதால் மற்றவர்கள் அவரை எளிதில் இனங்காண்கின்றனர்.

கணினித் துணைவர்கள்: 2022 ஏப்ரல் மாதம் முதல், முதற்பகுதியின் கதை நிலவறைகளைக் கணினி இயக்கும் துணைவர்களுடன் ஆட வசதி தரப்பட்டது. பின்னர் இவ்வசதி அடுத்த பகுதிகளுக்கும் விரிந்தது.

கட்டணம் செலுத்தித் தாவுதல்: கதையைக் கடந்துசெல்ல உதவும் பொருள் 2017 முதல் விற்கப்படுகிறது. தவறவிட்ட கதையைப் பின்னர் திரும்ப ஆடும் வசதி 2019-இல் சேர்க்கப்பட்டது.

முதற்பகுதியின் இறுதி நிலவறைகள் இச்சிக்கலை நன்கு விளக்குகின்றன. எட்டுப் பேர் சேர்ந்து ஆடிய அவற்றில், புதியவர் கதைக்காட்சியைப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அதைத் தாண்டிச் சென்று எதிரியை வீழ்த்திவிடுவர். அவர் பல வாரங்கள் காத்திருந்த இறுதிப் போரில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. காட்சிகளை யாரும் தாண்ட முடியாதபடி மாற்றியபோது புதியவரின் குறை தீர்ந்தது. ஆனால் அவற்றைப் பலமுறை பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் காத்திருக்க நேர்ந்தது. 2022-இல் அவை நால்வர் ஆடும் நிலவறைகளாகத் திருத்தியமைக்கப்பட்டு, கணினித் துணைவர்களுடன் ஆடவும் வழி செய்யப்பட்டது.

பிற விளையாட்டுகள்

2004-இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வேறு வழியைத் தேர்ந்தது. 2020 அக்டோபரில் அதன் நிலைகள் சுருக்கப்பட்டு, 120-ஆம் நிலையில் இருந்தவர்கள் 50-ஆம் நிலைக்கு மாற்றப்பட்டனர். புதியவர் ஒரு பயிற்சித் தீவில் தொடங்கி, அப்போதைய அண்மை விரிவாக்கம் ஒன்றை மட்டும் கடந்தால் போதும் என்றானது. பயணம் குறுகியது, ஆனால் அதற்கு முந்தைய வரலாற்றை அறியாமலே புதியவர் கதையின் நடுவில் நுழைகிறார்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில், எந்த நிலையினரும் எந்தப் பகுதிக்கும் செல்லலாம் என மாற்றப்பட்டது. இதனால் நண்பர்கள் முதல் நாளே சேர்ந்து ஆட முடிந்தது. அதே வேளை, கதைகளை வரிசையறிந்து ஆடும் பொறுப்பு ஆட்டக்காரரைச் சேர்ந்தது.

கில்ட் வார்ஸ் 2 விளையாட்டில் 2013-இல் தொடங்கிய தொடர்கதையின் முதற்பருவம் தற்காலிக நிகழ்வாக நடத்தப்பட்டது. அது முடிந்தபின் வந்தவர்களால் அதை ஆட இயலவில்லை. 2022-இல்தான் அப்பருவம் பகுதி பகுதியாக மீண்டும் நிலையாகச் சேர்க்கப்பட்டது.

மதிப்பீடு

மேற்கண்ட வழிகளில் எதுவும் சுமையை முழுவதுமாக நீக்குவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுகிறது. கதையைத் தாவியவர் பயிற்சியின்றிக் கடினமான சண்டைக்குள் வரும்போது அவரது குழுவினர் ஈடுகட்ட வேண்டியுள்ளது. குலுக்கல் முறையில் பழையவர்களின் நேரம் செலவாகிறது. கணினித் துணைவர்கள் காத்திருப்பைப் போக்கினாலும், வழியில் கிடைக்கும் மனிதத் தொடர்பைக் குறைக்கின்றனர். விரிவாக்கம் ஒன்று வெளியாகும்போதெல்லாம் பாதை மீண்டும் நீள்வதால், ஒருமுறை செய்த திருத்தமும் நிலைப்பதில்லை.

ஆயினும், பாதையின் நீளம் மட்டுமே புதியவரை விரட்டுவதில்லை. வழியில் துணையின்றித் தனித்து நிற்பதும், தமக்காகப் பிறர் அவசரப்படுவதை உணர்வதும் அதே அளவு விரட்டுகின்றன. எனவே கதையைக் குறைப்பதோடு, அதே பாதையில் பழையவர்களும் விருப்பத்துடன் திரும்பி நடக்கக் காரணம் அமைத்துத் தருவதும் இன்றியமையாதது.