தோல் அலசிய நீரில் கட்லா ஏன் வளராது?

தோல் பதனிடும் ஊரான ஆம்பூருக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவியே வருகிறது. ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கிவிடும். அது ஏரியில் கலந்தால்?

கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களின் ரத்தம் நன்னீரைவிட உப்பானது. அதனால் செவுள் வழியே தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றும். ஏரி நீரின் உப்பு ரத்தத்தின் உப்பை மிஞ்சினால் எல்லாம் தலைகீழ்: உடம்பு நீர் வெளியே கசியும். தின்ற தீனியின் சத்து சதையாகாமல் உப்பைச் சமாளிக்கவே செலவாகும்.

தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து வண்டலாகப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு படியாது. சவ்வில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். ஏராளமான மின்சாரமும் எரிபொருளும் பிடிக்கும் வேலை இது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று வேலூர் தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால், ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பை எடுப்பதை ஒவ்வொரு பதனிடும் ஆலையும் கட்டாயமாகச் செய்ய வேண்டும்.