ஸ்பீடு இருக்கிறது, பிங் ஏன் துள்ளுகிறது?

எம். புதுப்பட்டி வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்டில் குறையே இல்லை. ஆனால் ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தில் மட்டும் ஆள் உறைந்து நிற்கிறான். ஏன்?

ஆட்டத்துக்கு வேண்டிய தரவு மிகக் கொஞ்சம். அது தாமதமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் போய்வரும் நேரம்தான் பிங். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் போய்வர 15 மில்லிசெகண்ட் போதும். பிங் 300-க்குத் தாவினால் பழியைத் தூரத்தின்மேல் போட முடியாது.

பெரும்பாலும் குற்றவாளி ரூட்டர்தான். அக்கா கல்யாண வீடியோவை அப்லோடு செய்கிறார். ரூட்டர் அத்தனையையும் வரிசையில் நிறுத்துகிறது. தீபாவளி நேரத்துப் பட்டாசு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய பைக் மாதிரி உங்கள் குட்டித் தரவும் காத்திருக்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார்.

கண்டுபிடிப்பது எளிது. முதலில் ரூட்டருக்கே பிங் அனுப்புங்கள். அதுவே துள்ளினால் வைஃபை கோளாறு. லான் கேபிள் போடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ரூட்டர் வரை சீராக இருந்து, அப்லோடின்போது மட்டும் வெளியே துள்ளினால் பஃபர்புளோட். ரூட்டரில் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் (SQM) வசதி இருந்தால் இயக்கி, வேகத்தை இணைப்பு வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். வீட்டில் வேறு யாரும் நெட்டைத் தொடாதபோதும், கேபிளிலும் துள்ளுகிறதா? நேரத்தைக் குறித்துக்கொண்டு இணைப்பு தருபவரிடம் புகார் செய்யுங்கள். அதற்கு முன் கூடுதல் வேக பிளானுக்குக் காசு கட்டாதீர்கள்.