கேசட் இருக்கிறது, டெக் இருக்கிறதா?

சிதம்பரம் நடராசர் கோயில் குடமுழுக்கு 1987-ல் நடந்தது. அடுத்தது 2015 மே 1-ல். முன்னதை வீட்டில் உட்கார்ந்து திரும்பப் பார்க்க நினைத்தவருக்கு வீடியோ கேசட்டை விட்டால் வேறு வழி இல்லை. பின்னதைக் கூட்டமே செல்போனை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டது. அதற்கு மறு ஆண்டு, 2016 ஜூலையில், உலகில் கேசட்டை ஓட்டும் வீடியோ டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், உதிரி பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டதென்று தயாரிப்பை நிறுத்தியது. இரண்டு குடமுழுக்குகளுக்கு நடுவே ஒரு தொழில்நுட்பம் வீடுவீடாகப் பரவி, மறைந்தும் போனது.

மிச்சம் இருப்பவை கேசட்டுகள். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலோ ஒரு பழைய வீட்டுப் பீரோவைத் துழாவினால் ஒன்றிரண்டாவது அகப்படக்கூடும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம். 1981-ல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலி விழாவில் சின்ன வயதில் ஆடியவர்கள் வீட்டில் அந்த ஆட்டமும் நாடாவில் இருக்கலாம். சினிமா கேசட் போனால் போகட்டும், படம் வேறெங்காவது கிடைக்கும். வீட்டுக் கேசட்டுக்குப் பெரும்பாலும் வேறு பிரதி கிடையாது.

2015-ல் ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம், 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பகுதியை இழக்க நேரிடும் என்று எச்சரித்தது. 2019-ல் யுனெஸ்கோவும் அதே அபாய மணியை அடித்தது. நாடா அழிவதைவிட அதை ஓட்டும் கருவிகளும் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் வேகமாகக் குறைவதுதான் அவர்களின் பெரிய கவலை. ஆகவே பழைய கேசட்டை எடுக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: இது கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம். ஒரே முறை ஓட்டினாலும் ஒழுங்காக ஓட்டி, உள்ளதை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

52 கிலோமீட்டர் நாடா

வீடுகளுக்குள் வந்த கேசட் பெரும்பாலும் வி.எச்.எஸ். வகை. ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர்.

பாட்டு கேசட் ஓட்டும் கருவியில், நாடாவைப் படிக்கும் ஹெட் அசையாமல் நிற்கும். நாடா அதை உரசிக்கொண்டு போகும். ஒலிக்கு அது போதும். படத்துக்குப் போதாது. ஒரு விநாடியில் பல லட்சம் முறை ஏறி இறங்கும் அலையைப் பதிய, ஹெட்டும் நாடாவும் விநாடிக்குச் சுமார் 4.85 மீட்டர் வேகத்தில் உரச வேண்டும். பாட்டு கேசட்போல நேராக ஓட்டினால் 3 மணி நேரப் படத்துக்கு 52 கிலோமீட்டர் நாடா வேண்டும். கடலூரில் பிரிக்கத் தொடங்கினால் சிதம்பரத்தைத் தாண்டியும் மிச்சம் இருக்கும். ஆனால் 3 மணி நேரக் கேசட்டில் இருப்பது சுமார் 250 மீட்டர்தான்.

இதைச் சாதித்தது சுழலும் ஹெட். டெக்கின் மூடியைக் கழற்றினால் நடுவில் பளபளவென்று சற்றே சாய்ந்து நிற்கும் உருளையில்தான் அது இருக்கிறது. உருளையின் விட்டம் 62 மில்லிமீட்டர். எதிரெதிரே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஹெட். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். நாடாவோ அதன் பாதிச் சுற்றைத் தழுவியபடி விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். உருளை அரைச் சுற்று சுற்றும்போது ஒரு ஹெட் நாடாவின் குறுக்கே ஒரு சாய்கோடு இழுக்கும். ஒரு கோடு என்பது ஓர் அரைப்படம். அதாவது திரையின் வரிகளில் ஒன்றுவிட்டு ஒன்று. விநாடிக்கு 50 கோடுகள், 50 அரைப்படங்கள். கோட்டின் அகலம் ஏறத்தாழ 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நாடாவின் மேல் ஓரத்தில் ஒலி. கீழ் ஓரத்தில் எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று டெக்குக்குச் சொல்லும் கட்டுப்பாட்டுத் தடம்.

இவ்வளவு குறுகிய கோட்டின் மேல் ஹெட் இம்மியும் பிசகாமல் போக வேண்டும். ஒரு டெக்கில் பதிந்த கேசட் இன்னொன்றில் கோடு கோடாக வருவதும், டிராக்கிங் குமிழைத் திருகியதும் தெளிவதும் இதனால்தான்.

கடற்கரை ஊரின் சங்கடம்

நாடா என்பது பாலியெஸ்டர் படலம். அதன் மேல் காந்தத் துகள். துகளைப் பிடித்துவைக்கும் பசை. மூன்றில் பலவீனமானது பசைதான். ஈரக்காற்றை உறிஞ்சி அது மெல்லச் சிதையும். அப்போது துகள் உதிர்ந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சையும் பிடிக்கும். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் அந்த அளவு ஈரம் சர்வசாதாரணம்.

கேசட்டின் கண்ணாடிச் சன்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடி தூவியதுபோல் இருந்தால் அது பூஞ்சை. பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கினால் நாடாவின் முகம் தெரியும்: கசங்கியிருக்கிறதா, ஓரம் மடிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பூஞ்சை பிடித்ததை எக்காரணம் கொண்டும் டெக்கில் போடக் கூடாது. ஹெட் கெடும்; அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியே பையில் போட்டு மூடி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கூடு உடைந்திருந்தால் கவலை வேண்டாம். 5 திருகுகளைக் கழற்றி, நாடாவை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடிமேல் அடி வாங்கிய பகுதி இது. தண்ணீரில் நனைந்த கேசட்டை வெயிலில் காயவைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும், ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்பதும் கூடாது. அவை தனிப் பக்குவம் கேட்பவை.

டெக்கை முதலில் கவனியுங்கள்

பல ஆண்டு சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் இறுகி வழுக்கும். நாடாவை டெக் தின்றுவிட்டது என்பார்களே, அது பெரும்பாலும் இந்த இரண்டின் வேலை. ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோல் குச்சி வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சி உதவாது. பஞ்சிழை ஹெட்டில் மாட்டி அதைப் பெயர்த்துவிடும். குச்சியை உருளையோடு லேசாக ஒட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்புறத்தைப் பிடித்து மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறியும்.

முதலில் ஒரு சினிமா கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அது பத்திரமாக வெளியே வந்த பிறகு வீட்டுக் கேசட். அதன் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை முன்னதாகவே உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது.

அமெரிக்க, கனடா உறவினர் அனுப்பிய கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அதற்கு இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேவை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வந்த டெக்குகளில் இந்த வசதி உண்டா என்று பாருங்கள். அப்படி ஒன்று மூலையில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கம்பி வழியே கணினிக்கு

நாடாவில் படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனியே பதிந்திருக்கின்றன. டெக்கின் மஞ்சள் பின் இரண்டையும் கலந்து அனுப்பும். கணினி அவற்றை மறுபடி பிரிக்கும்போது விளிம்புகளில் புள்ளி ஊரும். எஸ்-வீடியோ வசதியுள்ள டெக் கிடைத்தால் இந்தக் கலப்பு இல்லை.

பெரிய தொல்லை நேரப் பிசகு. நாடா இழுபட்டுச் சுருங்குவதால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வரும். பழைய டிவி இதைப் பொறுத்துக்கொள்ளும், படத்தைக் கணினிக்குள் வாங்கும் மலிவான யு.எஸ்.பி. கருவி பொறுக்காது. புரியாத படத்தை அது விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இதைச் சீராக்குவது டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி. அது கிடைக்காதவர்கள் சில பழைய டிவிடி ரெக்கார்டர்களை டெக்குக்கும் கணினிக்கும் நடுவே வைத்து ஓரளவு அந்தப் பலனைப் பெறுகிறார்கள். இப்போது வி.எச்.எஸ்.-டீகோட் என்ற கட்டற்ற மென்பொருள் வேறு பாதையைக் காட்டுகிறது. ஹெட்டிலிருந்து வரும் கச்சா அலையை அப்படியே கணினியில் பிடித்து, டெக்கின் மின்சுற்று செய்த வேலையை மென்பொருளே செய்கிறது. அலை பத்திரமாக இருந்தால், நாளை இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது கேசட்டைத் தொடாமலே மறுபடி படம் எடுக்கலாம்.

முதலில் மூலம், பிறகு கத்தரி

சுருக்காமல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜி.பி. பிடிக்கும். எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் இது பாதியளவாகக் குறையும், டி.வி. (DV) என்ற டிஜிட்டல் வடிவத்தில் 13 ஜி.பி. வாட்சப்பில் அனுப்பும் எம்.பி.4 கோப்பு பார்ப்பதற்கு மட்டும். அதை மூலமாக வைத்துக்கொள்ளக் கூடாது. 720-க்கு 576 அளவு, விநாடிக்கு 50 அரைப்படம் என்பதை மூலக் கோப்பில் மாற்றவே வேண்டாம். அரைப்படங்களை அவசரமாக ஒட்டி 25 படமாக்கினால் அசைவில் பாதி போய்விடும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அதனால் குறை தெரியாது. ஜதியை முடிக்கும் தீர்மான அடவில் பாயும் நாட்டியக்காரியின் காலுக்குத் தெரியும்.

கல்யாண கேசட்டில் இன்னொரு சங்கதி உண்டு. எம்7, எம்9000 என்று பானசோனிக் கேமராவைத் தோளில் சுமந்து எடுத்த கேசட்டை ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டி, தலைப்பு போட்டு, சினிமாப் பாட்டைச் சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் படம் ஒரு படி மங்கும். பாட்டுக்கு அடியில் தாத்தாவின் பேச்சும் நாதஸ்வரமும் காணாமல் போயிருக்கும். எடுத்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால் கேமரா கேசட் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மூலக் கோப்பைத் தொடாமல் அதன் நகலில்தான் எடிட்டிங். வெட்டலாம், நிறம் கூட்டலாம், இரைச்சலைக் குறைக்கலாம். செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் தெளிவாக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. நாடாவில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது தானாக வரையும். பார்க்க அழகாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார்.

கோப்புக்குத் தேதி, ஊர், நிகழ்ச்சி என்று பெயர் வையுங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, பந்தியில் யார் யார் என்று கேட்டு எழுதி அதோடு சேருங்கள். மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனங்களில். ஒன்றையாவது வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். புயல் வரும் ஊரில் எல்லாவற்றையும் ஒரே பீரோவில் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது.

எல்லாக் கருவியும் எல்லாருக்கும் கிடைக்காது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கையால் பெயர் எழுதி ஒட்டிய கேசட்டை முதலில் எடுங்கள். கிடைத்த நல்ல டெக்கில், கிடைத்த கருவியில் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் கேசட்டை எறியாமல் தரையை விட்டு உயரத்தில், ஈரம் படாமல், நிமிர்த்தி வையுங்கள். உங்கள் பிள்ளைகள் இதைவிட நன்றாக எடுக்கக்கூடும்.