தோளைக் காக்கும் வழி

சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பிலே க்ஷேத்திர கணிதம் போதித்துக் கொண்டிருந்தோம். கரும்பலகையின் உச்சியில் ஒரு முக்கோணம் வரையக் கையை உயர்த்தியபோது தோளில் சுரீரென்று வலித்தது. சுண்ணக்கட்டி கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நாமும் சிரித்து வைத்தோம். வலி தீரட்டுமென்று கையைத் துணியில் தொங்கவிட்டு, மூன்று வாரம் அசைக்காமலிருந்தோம். விளைவு, தோள் இறுகிப் போயிற்று! சட்டை மாட்டுவதற்குக்கூடப் பிறர் உதவி வேண்டியதாயிற்று. அந்தத் துன்பம் வாசகர்களுக்கு வேண்டாமென்றே இதை எழுதுகிறோம்.

மனித தேகத்தில் தோளைப்போல் எல்லாத் திசைகளிலும் சுழலும் மூட்டு வேறில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. இடுப்பிலே தொடையெலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் பத்திரமாக அமர்ந்திருக்கிறது. தோளிலோ, ஆழமற்ற சிறு தட்டின்மேல் பந்தை வைத்தாற்போல் புய எலும்பு நிற்கிறது. அது நழுவாதபடி நான்கு சிறு தசைகள் முன்னும் மேலும் பின்னுமாக அணைத்துப் பிடிக்கின்றன. சட்டைக் கையின் பட்டியைப்போல் சூழ்ந்திருப்பதால் இவற்றை வைத்தியர்கள் 'ரொடேட்டர் கஃப்' என்பார்கள்.

இவற்றுள் மேலேயுள்ள தசையின் நாரே பெரும்பாலும் பழுதுபடுவது. எலும்புகளுக்கிடையே ஒரு குறுகிய சந்தில் அது செல்கிறது. கையைத் தலைக்குமேல் தூக்கும்போது அங்கே நெருக்கம் உண்டாகிறது. வயது ஏற ஏற நாரும் நைந்து வருகிறது. பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் எர்னஸ்ட் காட்மன் 1934-ல் தோளைப் பற்றியே ஒரு பெரு நூல் வெளியிட்டு, இந்த நார் கிழிவதை விரிவாக விளக்கினார்.

ஆகவே, பரணிலுள்ள அண்டாவை எட்டி இழுக்காதீர்கள். முக்காலியின்மேல் ஏறி, மார்போடு அணைத்து இறக்குங்கள். பந்து வீசும் இளைஞர்கள் ஒரே வாரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்க வேண்டாம். தண்டாலும் கர்லாக்கட்டையும் பழகுவோர் இலேசாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது நலம்.

தசைகளை வலுப்படுத்தப் பணச் செலவு வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கத்தரித்து, முழங்கை உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, அப்பாலுள்ள கையால் அதைப் பற்றுங்கள். முழங்கையை மடித்து, விலாவோடு ஒரு துண்டுச் சுருளை இடுக்கிக் கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்புறம் திருப்பி, மெல்லவே திரும்ப விடுங்கள். பத்து முறை செய்து சற்று ஓய்ந்தபின் மீண்டும் பத்து முறை. வாரத்தில் மூன்று நாள் போதும். சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தண்டால் போல் சாய்ந்து நிமிர்வதும் நன்று. வலி மிகுந்தால் உடனே நிறுத்துக.

விழுந்தபின் கையைத் தூக்க முடியாவிட்டாலும், இரவு வலியால் தூக்கம் கெட்டாலும் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. நீரிழிவுள்ளவர்களுக்குத் தோள் இறுகும் அபாயம் அதிகம்.

இப்போது நாம் பழையபடி பலகையின் உச்சியிலேயே முக்கோணம் வரைகிறோம், முக்காலியின்மேல் நின்று! பிள்ளைகள் இன்னும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.