பழைய புல்லட்டுக்குப் புதிய டயர்



“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பார்கள் பெரியோர். இது மோட்டார் சைக்கிள் டயருக்கும் பொருந்தும் என்பதை எங்கள் வீட்டு முற்றத்திலேயே அறிந்துகொண்டேன்.

1955 ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான புல்லட் வண்டிகளுள் ஒன்று என் தாத்தாவுடையது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அதைச் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு ஓட்டிச் செல்ல அப்பா ஆசைப்பட்டார். டயரின் பட்டன்கள் தேயவே இல்லை. “இதுவே போதும்” என்றார். மெக்கானிக் அண்ணாச்சியோ டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். 2508! அதாவது, 2008 ஆம் ஆண்டின் 25 ஆவது வாரத்தில் செய்த டயர். என்னைவிட மூத்தது!

வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெயிலும் அதை இறுகச் செய்கின்றன. இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றிக்கொள்ளாது. எங்கள் டயரை அழுத்திப் பார்த்தபோது பட்டன்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன.

சரி, எந்த டயரை வாங்குவது? பழைய டயரில் 3.25-19 என்று இருந்தது. அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம் என்பது பொருள். இக்காலத்து டயரில் 90/90-19 என்று இருக்கும். முதல் எண் அகலம், 90 மில்லிமீட்டர். அடுத்தது உயரம், அகலத்தில் 90 சதவீதம், அதாவது 81 மில்லிமீட்டர். பழைய டயரின் உயரமோ ஏறத்தாழ அதன் அகலமே, அதாவது சுமார் 82.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், சக்கரத்தின் முழு விட்டத்தில் 3 மில்லிமீட்டர்தான் வேறுபாடு!

அழகுக்காக இன்னும் பட்டையான டயர் போடலாமா? விரலுக்குத் தக்க வீக்கம்தான் வேண்டும். குறுகிய ரிம்மில் பட்டை டயர் சரியாக அமராது. மட்கார்டிலோ செயினிலோ உரசவும் கூடும். முன்னும் பின்னும் ஒரே வகை டயராக இருப்பது நல்லது. கம்பிச் சக்கரத்தில் கம்பிகளின் துளை வழியே காற்று கசியும் என்பதால் புதிய டியூபும் வேண்டும். டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். புதிய டயர் சற்று வழுக்கும். ஆதலால் முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாகச் செல்ல வேண்டும்.

விலையைக் கேட்டு அப்பா தயங்கினார். ஆச்சி சொன்னது ஒரே வார்த்தைதான்: “அதுல ஏறிப் போறது நம்ம பிள்ளைகள்லா!” மறுநாளே புதிய டயர்கள் வந்துவிட்டன.

தோழிகளே, நம்மில் பலரைப் பெற்றோர் இருசக்கர வண்டியில்தான் பள்ளிக்கு அழைத்து வருகிறார்கள். இன்று மாலை அந்த வண்டியின் டயரிலுள்ள நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். பழைமையைப் போற்றுவோம். இறைவன் தந்த உயிரை அதைவிடப் போற்றுவோம்!