இராமானுஜனின் பேரெண்

கும்பகோணத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை விழுப்புரத்தைக் கடந்து மயிலம், திண்டிவனம் வழியாக ஓடுகிறது. அந்த விழுப்புரத்தில் 1910ஆம் ஆண்டில் வண்டி மாறித் திருக்கோயிலூருக்குச் சென்ற சீனிவாச இராமானுஜன், அங்கே டெப்டி கலெக்டராய் இருந்தவரும் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான வி. இராமசாமி ஐயரிடம் தம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டி உத்தியோகம் வேண்டினார். ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் அமர்த்தி அந்த மேதையை மழுங்கச் செய்ய மனமில்லாத ஐயர், அறிமுகக் கடிதங்கள் தந்து அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அம்மறுப்பைப் பெரும் உபகாரமென்றே நான் கருதுகிறேன்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1915இல், லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரையில் ஓர் எண் இடம்பெற்றது: 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதன் விசேஷம் இதன் பருமனில் இல்லை. அது எதில் என அறிய முதலில் 60ஐப் பார்ப்போம்: நம் முன்னோர் நாளொன்றை 60 நாழிகையாகப் பகுத்தனர். 60ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய யாவற்றையும் வகுஎண்களின் எண்ணிக்கையால் விஞ்சி நிற்பவற்றை மிகுபகு எண்கள் எனலாம். மேற்சொன்ன பேரெண்ணும் அவ்வினத்ததே.

அதன் அமைப்பைப் பாருங்கள்: 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5உம் 7உம் இவ்விரண்டு தடவையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு தடவையும் பெருகி உண்டானது அது. ஒரு வகுஎண்ணை ஆக்க, 2ஐ ஒன்றுமில்லாமல் விடுவது முதல் ஆறு தடவை எடுப்பது வரை ஏழு வழிகள் உண்டு. 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மும்மூன்று, எஞ்சிய ஐந்துக்கும் இவ்விரண்டு. இவற்றையெல்லாம் பெருக்கினால் 10,080. சிறிய பகாஎண் பெரியதைவிடக் குறைந்த தடவை வருவது மிகுபகு எண்ணில் ஒருபோதும் இல்லை. ஏனெனில் அவ்விரண்டையும் இடம் மாற்றினால், வகுஎண்களின் எண்ணிக்கை குறையாமலே எண் சிறுத்துவிடும். 4, 36 என்னும் இரண்டு நீங்கலாக, இறுதிப் பகாஎண் எப்போதும் ஒரே தடவைதான் வரும் என்றும் இராமானுஜன் நிறுவினார்.

யந்திரத் துணையின்றி அவர் வகுத்த அட்டவணை இப்பேரெண்ணோடு முடிகிறது. அதில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 2,93,31,86,25,600. வியப்பு என்னவென்றால், விடுபட்ட அதனை 23ஆற் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணேதான்! விடுபட்டதன் வகுஎண்கள் 5,040, அதாவது இறுதி எண்ணுக்கு உள்ளவற்றில் சரிபாதி.

இவ்வாராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் அளித்தது. லண்டன் சங்கத்தின் பணமுடையால் அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் பிற்பகுதியோ 1997இல்தான் வெளிவந்தது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துக் கணித ஆசிரியர்கள் 23ஆற் பெருக்கும் அக்கணக்கை ஒருநாளேனும் கரும்பலகையில் எழுதி, மாணாக்கரைக் கொண்டே செய்து பார்க்கச் சொல்லவேண்டும்; அதற்கு வாய்பாடு தெரிந்தாலே போதும்.