ஜெர்மானிய உரிமையியல் சட்டமும் உரோமானியச் சட்டக் கல்வியும்: வாடகைதாரர் உரிமைவழி ஒரு விளக்கம்

முன்னுரை

வாடகைக்கு விட்ட வீட்டை அதன் உரிமையாளர் வேறொருவருக்கு விற்றுவிட்டால், அதில் குடியிருப்பவரின் நிலை என்ன? இவ்வினாவுக்கு உரோமானியச் சட்டம் அளித்த விடை ஒன்று. 1900 சனவரி 1ஆம் நாள் முதல் நடைமுறையிலுள்ள ஜெர்மானிய உரிமையியல் சட்டத் தொகுப்பு அளிக்கும் விடை மற்றொன்று. முதல் விடையிலிருந்து இரண்டாவது விடை உருவான வரலாற்றை நோக்கின், இன்றைய உரிமையியல் சட்டத்திற்கு உரோமானியச் சட்டம் எவ்வகையில் அடித்தளமாகிறது என்பது விளங்கும்.

உரோமானியச் சட்டம் ஜெர்மனியில் வேரூன்றியமை

பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், கி.பி. 533இல், உரோமானியச் சட்ட அறிஞர்களின் கருத்துகள் 50 பகுதிகள் கொண்ட 'டைஜெஸ்ட்' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. 11ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இத்தாலியின் பொலோஞாவில் இது பாடமாகப் பயிலப்பட்டது. அங்குக் கற்றுத் திரும்பிய ஜெர்மானிய மாணவர்கள் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1495இல் நிறுவப்பெற்ற பேரரசு நீதிமன்றத்தில் நீதிபதியருள் பாதிப்பேர் சட்டம் கற்றவராக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. உள்ளூர் வழக்காறும் சட்டமும் விடை தராத இடங்களில் உரோமானியச் சட்டம் பொதுச் சட்டமாகக் கொள்ளப்பட்டது. எனவே, படையெடுப்பாலோ ஆணையாலோ அன்றி, பெரும்பாலும் கல்வியின் வழியாகவே அது ஜெர்மனியில் நிலைபெற்றது எனலாம்.

1814இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் திபோ, ஜெர்மனி முழுமைக்கும் ஒரே சட்டத் தொகுப்பு வேண்டுமென எழுதினார். அதே ஆண்டில் பெர்லின் பேராசிரியர் சவின்யி அதனை மறுத்தார். சட்டம் மக்களின் வாழ்வோடு வளர்வது. அதன் வரலாற்றை ஆழ்ந்து கல்லாமல் தொகுக்க முனைவது தகாது என்பது அவர் கருத்து. அதன்பின் தொகுப்புப் பணி தொடங்குவதற்கு அறுபது ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் உரோமானியச் சட்டக் கருத்துகள் பல்கலைக்கழகங்களில் முறைப்படுத்தப்பட்டன.

1888ஆம் ஆண்டு வரைவும் அதன் திருத்தமும்

1874இல் அமைந்த முதற் குழுவில், உரோமானியச் சட்டப் பாடநூலால் புகழ்பெற்ற விண்ட்ஷைட் இடம்பெற்றிருந்தார். அக்குழுவின் வரைவு 1888இல் வெளியாயிற்று. வாடகை குறித்து அது உரோமானிய நெறியையே பின்பற்றியது. அந்நெறியின்படி, வாடகை ஒப்பந்தம் அதனைச் செய்துகொண்ட இருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். உரிமையோ எவருக்கு எதிராகவும் செல்லும். ஆகவே வீட்டை வாங்கியவர் குடியிருப்பவரை வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்டவர் பழைய உரிமையாளரிடம் இழப்பீடு கோரலாமேயன்றி வீட்டில் தங்கியிருக்க இயலாது.

இதனைச் சட்ட அறிஞர் கீர்க்கெ கடுமையாகக் கண்டித்தார். இந்நெறி வீட்டையும் நிலத்தையும் வாடகைக்குப் பெற்று வாழும் எளியோரின் பாதுகாப்பைப் பறிப்பது என்பது கண்டனத்தின் சாரம். 1890இல் அமைந்த இரண்டாம் குழு வரைவைத் திருத்தியது. 1896இல் வெளியிடப்பெற்ற இறுதித் தொகுப்பின் 571ஆம் பிரிவு, விற்பனையால் வாடகை முறியாது என்னும் நெறியை நிலைநாட்டியது. 2001ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் இது 566ஆம் பிரிவாக உள்ளது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வாடகையை உரிமையாக மாற்றி இம்முடிவு எட்டப்படவில்லை. வீட்டை வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் நின்று வாடகை ஒப்பந்தத்தை ஏற்கிறார் என்று சட்டம் விதித்தது. உரோமானியரின் பாகுபாடு அழியவில்லை. அதன் விளைவு மட்டும் மாற்றப்பட்டது. பாகுபாட்டை நன்கு அறிந்திருந்தமையாலேயே அதனைச் சிதைக்காமல் விலக்கொன்றை அமைக்க முடிந்தது.

தமிழர்க்குரிய பொருத்தம்

இவ்வரலாறு தமிழர்க்கும் அயலானதன்று. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரங்களில் நிலைபெற்ற உரோமன்-டச்சுச் சட்டம் அந்நாட்டின் பொதுச் சட்டமாக இன்றும் உள்ளது. 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் விடை இல்லாத இடங்களில் யாழ்ப்பாணத் தமிழர்க்கும் அதுவே பொருந்தும். வாடகை விற்பனைக்கு முந்தியது என்னும் நெறி உரோமன்-டச்சுச் சட்டத்திலும் உண்டு. உரோமானிய விடையை ஒல்லாந்தரும் ஜெர்மானியரும் தனித்தனியே திருத்திக்கொண்டனர் என்பது இதனால் புலனாகும்.

தமிழ்நாட்டின் சட்டங்களோ பெரிதும் ஆங்கிலேய மரபில் எழுந்தவை. ஒரே மொழி பேசுவோர் இருவேறு சட்ட மரபுகளுள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் பயிலும் 'சுவாதீனம்', 'பாத்தியதை' ஆகிய சொற்கள், பொருளைக் கையில் வைத்திருத்தலையும் அதற்குரிய உரிமையையும் பிரித்துக் காட்ட வல்லவை. இப்பிரிவு உரோமானியச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். இரு கரைகளுக்கும் பொதுவான சட்டக் கலைச்சொற்களை அமைப்போர் இத்தகைய வழக்குச் சொற்களை முதலில் ஆராய்தல் தகும்.

முடிவுரை

உரோமானியச் சட்டத்தைக் கற்பது பழைய விதிகளை மீட்பதற்காக அன்று. எதனை ஏற்றோம், எதனை எக்காரணத்தால் விலக்கினோம் என்று அறிவதற்காகவே. வரைவிலிருந்து திருத்தம் வரையிலான எட்டாண்டுகளில் ஜெர்மனி பெற்ற பாடம் இதுவே. குடியிருப்போரின் பாதுகாப்பு அப்பாடத்தைப் பொறுத்திருந்தது.